முத்துத் துறையும் பணத்தின் பொது நெறியும்

பாண்டி நாட்டின் கீழ்க்கடற்கரை முத்துக்குப் பெயர் பெற்றது. தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தில் விளங்கிய கொற்கை, பண்டைப் பாண்டியரின் பெருந்துறையாகும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'பெரிபுளூஸ்' என்னும் கிரேக்க நூல் இத்துறையையும் இங்கு நிகழ்ந்த முத்துக் குளிப்பையும் குறிப்பிடுகின்றது. ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து கடல் பின்வாங்கவே, கொற்கை உள்நாட்டூர் ஆயிற்று. வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ புகழ்ந்துரைத்த துறை இக்காயலே. பின்னர்த் தூத்துக்குடி தலையெடுத்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கு ஆதிக்கம் பெற்றனர். 1658ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1825ஆம் ஆண்டில் அது முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

துறைகள் பெயர்ந்தன, ஆள்வோரும் மாறினர். ஆயினும் அக்கரையில் என்றும் மாறாத தேவை ஒன்று இருந்தது. வெவ்வேறு நாட்டார் கூடிப் பண்டம் மாற்றுமிடத்தில், இரு திறத்தாரும் ஒப்புக்கொள்ளும் அளவு ஒன்று வேண்டும். அவ்வளவு இல்லாதவிடத்து வலியவன் சொல்வதே விலையாகும். இன்று பணம் பொன்னாகவும் வெள்ளியாகவும் தாளாகவும் மட்டுமன்றிக் கணிப்பொறியில் எழுதப்படும் எண்ணாகவும் வழங்குகின்றது. இப்புதிய பணத்தையும் வங்கிகள் வழிவழியாக நடத்திவரும் பணத்தையும் இணைப்பதற்கு எத்தகைய பொது நெறி வேண்டும் என்பது உலகெங்கும் ஆராயப்படும் வினாவாகும். முத்துக் கரையின் வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வினா எளிதில் விளங்கும்.

முத்துக்கு அமைந்த அளவு

மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில், முத்துக் குளிப்பு நடைபெறும் காலத்தில் கரைக்கு வந்த சிப்பிகளில் குளிப்பவர்க்கு ஒரு பங்கு போக, எஞ்சியவற்றை அரசினர் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டனர். ஏலம் எடுத்தவர் சிப்பிகளை அழுகவிட்டு, கழுவி, முத்துகளைப் பிரித்தெடுப்பர். அதன் பின்னரே அளவையின் அருமை வெளிப்படும்.

முதலில் முத்துகளைப் பருமன் வாரியாகப் பிரிக்க வேண்டும். இதற்கெனப் பித்தளையால் ஆகிய பத்துச் சல்லடைகள் இருந்தன. அவற்றைப் 'பெட்டி' என்று வழங்கினர். முதற் பெட்டியில் 20 துளைகள். அடுத்தவற்றில் 30, 50, 80 என ஏறி, இறுதிப் பெட்டியில் 1000 துளைகள். துளைகளின் எண்ணிக்கை மிகுதியாக ஆகத் துளையின் அளவு சிறுக்கும். ஒரு முத்து எந்தப் பெட்டியில் தங்குகின்றதோ, அதுவே அதன் பருமன் வகை. அதன்பின் உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி, கலிப்பு, குறுவல் எனத் தரம் பிரித்தனர். பிறகு மஞ்சாடி எடையால் நிறுத்தனர்.

நிறுத்தபின் 'செவ்வு' என்னும் கணக்கு வரும். முத்தின் விலை எடைக்கு நேராக ஏறுவதன்று. பெரிய முத்து அரிது. ஆதலின் எடை இருமடங்கானால் மதிப்பு நான்மடங்காகும். எனவே எடையை அதே எடையால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவதை அடிப்படையாகக் கொண்டு செவ்வைக் கணக்கிடுவர். சான்றாக, இரண்டு மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்தையும், ஒவ்வொரு மஞ்சாடி எடையுள்ள இரண்டு முத்துகளையும் எடுத்துக்கொள்வோம். இரு பங்குக்கும் மொத்த எடை ஒன்றே. ஆயினும் முதற் பங்கின் கணக்கு நான்கு. இரண்டாம் பங்கின் கணக்கு இரண்டு. ஒரு செவ்வுக்கு என்ன விலை என்பதில் வாங்குவோனும் விற்போனும் வாதிடலாம். எத்தனை செவ்வு என்பதில் வாதுக்கு இடமில்லை. கணக்கு அறிந்த எவரும் அதனைச் சரிபார்க்கலாம்.

இங்குக் கருதத் தக்கது ஒன்றுண்டு. பெட்டியும் மஞ்சாடியும் செவ்வும் எந்த ஒரு வணிகருக்கும் தனியுடைமை அல்ல. அவற்றைப் பயன்படுத்த எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. நெறி யாவரும் அறியுமாறு வெளிப்படையாக இருத்தல், எவரும் அதனைப் பயன்கொள்ள உரிமை பெற்றிருத்தல், ஒருவர் தம் விருப்பத்தால் மட்டும் அதனை மாற்ற இயலாமை ஆகிய மூன்றும் பொருந்திய நெறியே திறந்த பொது நெறி எனப்படும். 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக் குளிப்புகளுக்குப் பின்னர்த் தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக் குளிப்பு நிகழவில்லை. எனினும் அவ்வணிகம் விட்டுச் சென்ற பாடம் இன்றும் பயன்படுவதே.

பல காசும் வட்டமும்

அளவு ஒன்றாய் இருந்தும், அக்கரையில் வழங்கிய காசுகள் பலவாய் இருந்தன. வராகனும் பணமும் காசும் ஒருபால். போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் கொணர்ந்த நாணயங்கள் மற்றொருபால். கம்பெனியார் வெளியிட்ட ரூபாய் பிறிதொருபால். இவை எடையாலும் மாற்றாலும் வேறுபட்டன. ஒரு வகைக் காசைக் கொடுத்து மற்றொரு வகையைப் பெற விரும்பினவர் நாணய மாற்றுக்காரரை நாடினர். அவர் காசை உரைத்தும் நிறுத்தும் பார்த்து, தமக்குரிய கழிவை எடுத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். அக்கழிவை 'வட்டம்' என்பர். வட்டத்தின் அளவை அவரே வரையறுத்தார். எழுத்தறியாத கூலியாளும் மீன் விற்கும் பெண்ணும் எவ்வளவு கழிந்தது என்பதை அறிய வழியில்லை.

1835ஆம் ஆண்டில் கம்பெனியார் ஆட்சியிலிருந்த பகுதிகள் அனைத்திற்கும் ஒரே ரூபாயைச் சட்டம் ஏற்படுத்திற்று. அதன் எடை 180 கிரெயின். அதில் தூய வெள்ளி 165 கிரெயின். இவ்விரண்டு எண்களும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டமையால், எவ்வூர்த் தட்டாரும் ரூபாயைச் சோதித்தறிய முடிந்தது. பின்னர் 1957 ஏப்பிரல் 1 முதல் பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு புதுக்காசு கொண்ட ரூபாயாயிற்று. நெறி பொதுவாகும்போது வட்டம் குறைகின்றது. கணக்கும் யாவர்க்கும் எளிதாகின்றது.

நெடுந்தொலைவுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் உண்டியல் எழுதினர். ஓரூரில் பணத்தைச் செலுத்தி ஓலையோ சீட்டோ பெற்று, மற்றோரூரில் அதனைக் காட்டிப் பணம் பெறுவதே உண்டியல் முறை. கள்வர் அச்சமின்றிப் பணம் சென்றது. ஆயினும் உண்டியலை எழுதியவரின் கையொப்பத்தை மற்றையூரார் அறிந்திருத்தல் வேண்டும். உறவும் அறிமுகமும் உள்ள வட்டாரத்துக்குள் அது திறம்பட நடந்தது. அறிமுகம் இல்லாதவனுக்கு அக்கதவு திறப்பதில்லை.

கடலும் கப்பலும் தந்த பாடம்

பொது வழியை ஒருவர் தம் கைப்படுத்தினால் என்ன நேரும் என்பதைத் தூத்துக்குடி மக்கள் கண்கூடாகக் கண்டவர்கள். கடல் எவருக்கும் உரியது. எனினும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டும் தொழில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கம்பெனி ஒன்றன் பிடியில் இருந்தது. அதனை எதிர்த்து வ.உ.சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். போட்டியை ஒழிக்க ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைப் பெரிதும் குறைத்தனர். 1908ஆம் ஆண்டில் சிதம்பரனார் சிறைப்பட்டார். சில ஆண்டுகளில் சுதேசிக் கம்பெனியும் கலைந்தது. துறைமுகம் யாவர்க்கும் திறந்திருந்தும், செல்லும் வழி ஒருவர் கையில் இருந்தமையால் வந்த விளைவு அது.

இதற்கு மாறான பாடம் ஒன்றையும் அத்துறைமுகம் புகட்டுகின்றது. முற்காலத்தில் பெருங்கப்பல்கள் கரைக்கு வர இயலாது தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. மூட்டைகளைத் தோணிகள் ஏற்றிச் சென்றன. ஒவ்வொரு மூட்டையும் வண்டியிலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து தோணிக்கும், தோணியிலிருந்து கப்பலுக்கும் ஆள் தோளில் ஏறி இறங்கியது. 1974 சூலை 11 அன்று தூத்துக்குடி நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. இன்று அங்கே நீண்ட இரும்புப் பெட்டகங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. இவற்றைக் 'கண்டெய்னர்' என்பர்.

இப்பெட்டக முறையை 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் பெரிய அளவில் தொடங்கினார். தொடக்கத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் தன் அளவில் பெட்டகம் செய்தது. ஒருவர் பெட்டகம் மற்றவர் கப்பலிலோ பாரந்தூக்கியிலோ பொருந்தவில்லை. பெட்டகத்தின் நான்கு மூலைகளையும் பற்றிப் பூட்டும் அமைப்புக்கு மெக்லீன் கம்பெனியார் காப்புரிமை பெற்றிருந்தனர். 1960களில் அவர்கள் அவ்வுரிமைக்குக் கட்டணம் கேளாது பொதுப் பயனுக்கு விட்டனர். அனைத்துலகத் தர அமைப்பு அதனைத் தழுவி, 20 அடி, 40 அடி நீளங்களையும் மூலை அமைப்பையும் உலகப் பொது நெறியாக வகுத்தது. இன்று தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டகத்தை எந்நாட்டுப் பாரந்தூக்கியும் தூக்கும். உள்ளே உப்பா, நூலா, மீனா என்பதைப் பாரந்தூக்கி அறிய வேண்டுவதில்லை. மூலை பொருந்தினால் போதும்.

பேரேடுகள் பேசும் மொழி

பணத்துக்கும் இத்தகைய மூலைப் பொருத்தம் வேண்டும். வங்கியில் உள்ள பணம் பெட்டியில் கிடக்கும் காசு அன்று. பேரேட்டில் எழுதப்பட்ட எண். தூத்துக்குடியில் 1921ஆம் ஆண்டில் நாடார் வங்கி என்னும் பெயரால் தோன்றி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் பெற்ற வங்கியை எடுத்துக்கொள்வோம். அதில் கணக்கு வைத்துள்ள ஒருவர் வேறு வங்கியில் கணக்குள்ள மற்றொருவருக்கு ஆயிரம் ரூபாய் அனுப்புகின்றார். காசு எங்கும் நகர்வதில்லை. இவருடைய பேரேட்டில் ஆயிரம் குறைகின்றது. அவருடைய பேரேட்டில் ஆயிரம் கூடுகின்றது. வங்கிகள் தம்முள் கொடுக்க வேண்டியதை ரிசர்வ் வங்கியில் தாம் வைத்துள்ள கணக்கின் வழியாகத் தீர்த்துக்கொள்கின்றன. ஆகவே பணம் அனுப்புதல் என்பது பேரேட்டுக்குப் பேரேடு செய்தி அனுப்புதலே ஆகும்.

அச்செய்தியை இரு திறத்தாரும் ஒரே வகையில் பொருள் கொள்ள வேண்டும். இதற்கெனப் பல நெறிகள் உள. நம் நாட்டில் ஒவ்வொரு வங்கிக் கிளைக்கும் பதினொரு எழுத்தும் எண்ணும் கொண்ட ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஒன்று உண்டு. முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும், ஐந்தாவது சுழியம், எஞ்சிய ஆறும் கிளையைக் குறிக்கும். இது வங்கிக்கு அமைந்த முகவரி.

செய்தியின் உடலுக்கு அமைந்த நெறி ஐ.எஸ்.ஓ. 20022 என்பது. அனைத்துலகத் தர அமைப்பு 2004ஆம் ஆண்டில் இதனை முதலில் வெளியிட்டது. பழைய செய்தி முறைகளில் இடம் சுருக்கம். பெயரும் தெருவும் ஊரும் ஒரே வரியில் நெருக்கி எழுதப்பட்டன. எது பெயர், எது ஊர் என்று பொறி பிரித்தறிய இயலாது தடுமாறும். புதிய நெறியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை உண்டு. அனுப்புவோர், பெறுவோர், தொகை, நாணய வகை, காரணம் ஆகிய யாவும் பெயர் எழுதிய அறையில் அமையும். நம் ரிசர்வ் வங்கி பெருந்தொகைகளை உடனுக்குடன் தீர்க்கும் ஆர்.டி.ஜி.எஸ். முறையை 2013ஆம் ஆண்டில் இந்நெறியில் அமைத்தது. நாடுகளுக்கிடையே வங்கிச் செய்திகளைச் சுமக்கும் சுவிஃப்ட் என்னும் அமைப்பும், 2023 மார்ச்சு முதல் பழையதையும் புதியதையும் உடன் நடத்தி, 2025 நவம்பரில் வங்கிகளுக்கிடையே பணம் செலுத்தும் ஆணைகளைப் புதிய நெறிக்கு மாற்றிக்கொண்டது.

பொதுமக்கள் நாள்தோறும் காண்பது யு.பி.ஐ. முறை. இந்தியத் தேசியப் பணம் செலுத்துகைக் கழகம் 2016 ஏப்பிரலில் இதனை வெளியிட்டது. ஒரு வங்கியில் கணக்குள்ளவர் வேறெந்த வங்கியில் கணக்குள்ளவருக்கும் கைப்பேசி வழியாக நொடியில் பணம் அனுப்பலாம். கடையில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான கியூ.ஆர். குறியும் முதலில் பலவகையாய் இருந்தது. ஒரு கம்பெனியின் குறியை மற்றொரு கம்பெனியின் செயலி படிக்காது. மீன் விற்பவர் ஒருவர் மூன்று நான்கு குறிகளைப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் ஆணை ஒன்று பிறப்பித்து, தனிக்குறி வைத்திருந்தோர் யாவரும் 2022 மார்ச்சு 31க்குள் பொதுக்குறிக்கு மாற வேண்டும் என விதித்தது. மூலை பொருந்தாத பெட்டகங்களை ஒழித்ததைப் போன்றதே இச்செயல்.

மின்னெண் ரூபாய்

மக்கள் டிஜிட்டல் ரூபாய் என வழங்கும் மின்னெண் ரூபாய் இவற்றினின்றும் வேறுபட்டது. வங்கிக் கணக்கில் உள்ள பணம் அந்த வங்கி நமக்குத் தரவேண்டிய கடன். மின்னெண் ரூபாயோ ரூபாய்த் தாளைப் போன்று ரிசர்வ் வங்கியே நேராக வெளியிடும் பணம். அது தாளாக அச்சிடப்படாமல் எண்ணாக வெளியிடப்படுகின்றது. தாளைச் சட்டைப்பையில் வைப்பதுபோல் அதனைக் கைப்பேசியிலுள்ள பணப்பையில் வைத்திருக்கலாம். தாளுக்கு வட்டி இல்லாததுபோல் இதற்கும் வட்டி இல்லை. 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இதற்கு இடமளிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று வங்கிகளுக்கிடையிலும், டிசம்பர் 1 அன்று மும்பை, புதுதில்லி, பெங்களூரு, புவனேசுவரம் ஆகிய நான்கு நகரங்களில் பொதுமக்களிடையிலும் இது சோதனை முறையில் வழங்கத் தொடங்கியது.

புதிய பணம் வந்தவுடன் பழைய சிக்கலும் உடன் வந்தது. வாங்குவோரிடம் மின்னெண் ரூபாய் உள்ளது. கடைக்காரரிடம் அதற்குரிய பணப்பை இல்லை. அவர் வாங்க மறுத்தால் அந்தப் பணத்தால் பயனென்ன? ஒவ்வொரு கடையிலும் மற்றொரு குறியை ஒட்டச் சொல்வது பழைய குழப்பத்துக்கே வழிகாட்டும். எனவே 2023ஆம் ஆண்டில், கடையில் ஏற்கெனவே உள்ள யு.பி.ஐ. குறியையே மின்னெண் ரூபாய்ப் பணப்பையும் படிக்குமாறு செய்தனர். வாங்குவோர் மின்னெண் ரூபாயைச் செலுத்த, கடைக்காரரிடம் அப்பணப்பை இல்லையாயின் தொகை அவருடைய வங்கிக் கணக்கில் சேரும். இரண்டு வேறு பணங்கள் ஒரு பொதுக்குறியால் இணைந்தன.

இரு பேரேடும் ஒரு பூட்டும்

ஒரே நாட்டில், ஒரே ரிசர்வ் வங்கியின் கீழ் இவ்விணைப்பை எளிதில் செய்யலாம். பேரேடுகள் வெவ்வேறு ஆட்சியின் கீழ் இருந்தால் என் செய்வது? கொழும்பில் உள்ள வணிகர் ஒருவர் தூத்துக்குடியில் உள்ள வணிகருக்குப் பணம் தர வேண்டும் எனக் கொள்வோம். கொழும்புப் பேரேட்டில் இலங்கை ரூபாய். தூத்துக்குடிப் பேரேட்டில் இந்திய ரூபாய். இரு பேரேட்டிலும் கணக்கு வைத்துள்ள இடையாள் ஒருவர் கொழும்பில் பெற்றுக்கொண்டு தூத்துக்குடியில் கொடுப்பதாகச் சொல்கின்றார். அவர் பெற்றுக்கொண்டபின் கொடாது விட்டால் பணம் போயிற்று. முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர்ப் பெறுவதென்றால், அவர் ஏமாற நேரும். இரு பேரேடும் ஒருங்கே மாற வேண்டும். அன்றேல் இரண்டும் மாறாதிருக்க வேண்டும். பழைய உண்டியல் முறை இச்சிக்கலை அறிமுகத்தாலும் நம்பிக்கையாலும் தீர்த்தது. அறிமுகமற்றவர்க்கு வழி என்ன?

ஸ்டீபன் தாமஸ், இவான் ஷ்வார்ட்ஸ் என்னும் இருவர் 2015ஆம் ஆண்டில் 'இன்டர்லெட்ஜர்' என்னும் நெறியை வெளியிட்டனர். பேரேடுகளுக்கு இடைப்பட்ட நெறி என்பது அதன் பொருள். அதன் உட்கருத்தைப் பூட்டும் திறவுகோலும் கொண்டு விளக்கலாம். பணம் பெற வேண்டிய தூத்துக்குடி வணிகர் ஒரு திறவுகோலைத் தம்மிடம் மறைத்து வைத்துக்கொண்டு, அதற்குரிய பூட்டின் அமைப்பை மட்டும் மற்றவர்க்கு அறிவிக்கின்றார். கொழும்பு வணிகர் தம் பேரேட்டில் உரிய தொகையை அப்பூட்டால் பூட்டி, 'குறித்த நேரத்துக்குள் திறவுகோல் காட்டினால் இடையாளுக்கு. இல்லையேல் எனக்கே திரும்புக' என்று எழுதுகின்றார். இடையாள் தூத்துக்குடிப் பேரேட்டில் அதே பூட்டால் தம் தொகையைப் பூட்டி, அதைவிடச் சற்றுக் குறுகிய கெடு வைக்கின்றார். பெறுவோர் திறவுகோலைக் காட்டித் தொகையைப் பெறுகின்றார். காட்டிய அளவில் திறவுகோல் இடையாளுக்கும் தெரிந்துவிடுகின்றது. அவர் அதனைக் கொழும்பில் காட்டித் தமக்குரியதைப் பெறுகின்றார். திறவுகோல் காட்டப்படாவிட்டால் கெடு கழிந்ததும் இரு தொகைகளும் உரியவர்க்கே மீள்கின்றன. இடையாள் நல்லவரா என்று விசாரிக்க வேண்டுவதில்லை. ஏமாற்றுதற்கு இடம் இல்லாதபடி நெறி அமைந்துள்ளது. ஒரு பக்கத்துப் பேரேடு வங்கியுடையதாகவும் மறுபக்கத்துப் பேரேடு மின்னெண் நாணயத்துடையதாகவும் இருக்கலாம். பெட்டகத்தின் மூலையை மட்டும் நோக்கும் பாரந்தூக்கி போல, இந்நெறி பூட்டையும் கெடுவையும் மட்டுமே நோக்கும்.

நாடுகள் தம்முள் நேராக இணைவதும் நிகழ்ந்து வருகின்றது. 2023 பிப்ரவரி 21 அன்று நம் யு.பி.ஐ. முறை சிங்கப்பூரின் பேநவ் முறையோடு இணைக்கப்பட்டது. அங்குப் பணிபுரியும் தமிழர் தம் ஊர்ப் பெற்றோருக்குக் கைப்பேசி வழியாகவே பணம் அனுப்ப வழி ஏற்பட்டது. 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையிலும் யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தலாம். எனினும் இவ்வாறு நாடு நாடாக இணைத்துக்கொண்டு போவதில் ஒரு கணக்கு இடர் உண்டு. ஐந்து நாடுகள் தம்முள் இருவர் இருவராக இணைய வேண்டுமாயின் பத்து இணைப்புகள் வேண்டும். பத்து நாடுகளாயின் நாற்பத்தைந்து. யாவரும் ஒரு பொது நெறியோடு இணைந்தால் ஐந்துக்கு ஐந்தும் பத்துக்குப் பத்துமே போதும். இக்கருத்தில் 'நெக்சஸ்' என்னும் திட்டம் எழுந்தது. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளோடு நம் ரிசர்வ் வங்கியும் 2024 சூன் 30 அன்று இதில் சேர்ந்தது.

நெறியால் ஆவதும் ஆகாததும்

பொது நெறி பெரும்பயன் தருவதாயினும், அதனால் ஆகாதனவும் உள. பெட்டியும் செவ்வும் செம்மையாய் இருந்தும் முத்து போலியாய் இருந்தால் வாங்கியவன் கெடுவான். 2009ஆம் ஆண்டில் தோன்றிய பிட்காயின் போன்ற மறைக்குறி நாணயங்களுக்கு, ரூபாய்க்கு ரிசர்வ் வங்கி இருப்பதுபோலப் பொறுப்பேற்பவர் எவரும் இல்லை. அவை நம் நாட்டில் சட்டப்படி செல்லத்தக்க நாணயம் அல்ல. அவற்றின் மதிப்பு ஒரு நாளில் ஏறும், மறுநாளில் இறங்கும். அத்தகைய நாணயத்தை வங்கிப் பேரேட்டோடு பிழையின்றி இணைத்துவிட்டமையால் அதற்கு மதிப்பு உண்டாகிவிடாது. வழி செம்மையாதல் வேறு. வழியில் வரும் சரக்கு செம்மையாதல் வேறு.

வாயில் திறந்திருந்தாலும் காவல் வேண்டும். துறைமுகத்தில் பெட்டகம் எளிதாக இறங்குகின்றது என்பதற்காகச் சுங்கச் சோதனையை எவரும் நீக்குவதில்லை. களவுப் பணமும் அவ்வழியே வரலாம். ஆதலின் 2023 மார்ச்சில் நடுவணரசு, மறைக்குறி நாணயங்களை மாற்றித் தரும் நிலையங்களையும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தது. தம்மிடம் வருவோர் இன்னார் என்று அவை அறிந்து பதிந்து வைத்தல் வேண்டும். அதே வேளையில், குடிமகன் ஒருவன் ஒரு குவளைத் தேநீர் வாங்கியதையும் பிறர் நோக்கிக்கொண்டிருக்கும் நிலை வருமோ என்னும் அச்சமும் புறக்கணிக்கத் தக்கதன்று. கையிலுள்ள தாளுக்குக் கொடுத்தவர் பெயர் தெரியாது. எண்ணாகிய பணத்துக்குத் தெரியும். இவ்விரண்டையும் நடுநின்று நிறுத்துப் பார்ப்பது நெறி வகுப்போர் கடமையாகும்.

மூன்றாவதாக, நெறி பொதுவாய் இருந்தும் பயன்பாடு சிலர் கையில் குவியலாம். யு.பி.ஐ. முறை எவ்வங்கிக்கும் பொதுவே. ஆயினும் அதன் வழியாக நிகழும் கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதியை இரண்டு செயலிகளே சுமக்கின்றன. ஒரு செயலி நூற்றுக்கு முப்பதுக்கு மேற்படலாகாது எனக் கழகம் 2020ஆம் ஆண்டில் வரம்பு அறிவித்தது; அதனை நிறைவேற்றும் காலம் பன்முறை தள்ளிவைக்கப்பட்டது. கடல் பொதுவாய் இருந்தும் கப்பல் ஒருவர் கையில் இருந்த காலத்தைத் தூத்துக்குடி மறக்கலாகாது. நெறியைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. அது திறந்தே இருக்கின்றதா என்று காலந்தோறும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மாணவர்க்கு உரிய கருத்து

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கையில் வழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத ஒழுக்கமும் நாணயம். காசின் மதிப்பு ஒழுக்கத்தில் நிற்பது என்பதை முன்னோர் ஒரே சொல்லில் உணர்த்தினர். ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் அவ்வொழுக்கத்தை முகம் பார்த்து அறியலாம். முகம் காணாதவர் கோடிக்கணக்கில் கூடும் சந்தையில், அவ்வொழுக்கத்தை நெறியாக எழுதி வைக்க வேண்டியிருக்கின்றது. முத்துக் குளிப்பவரும் வணிகரும் ஒரே பெட்டியால் முத்தை அரித்தனர். ஒரே மஞ்சாடியால் நிறுத்தனர். நாளைய பணத்துக்கு நெறி வகுப்போரும் அத்தகைய அளவுகோலையே செய்ய வேண்டும். கூடை சுமந்து மீன் விற்பவரும், பெட்டகம் பெட்டகமாகச் சரக்கு அனுப்புபவரும் ஒரே கணக்கைப் பார்த்து, இருவரும் அதனைச் சரிபார்க்கக் கூடுமானால், அந்நெறி பொது நெறி என்னும் பெயருக்கு உரியதாகும்.